பள்ளி மாவட்டத்தின் நெருக்கடித் தகவல் திட்டத்தில் முதலில் எதைத் தயார் செய்ய வேண்டும்?

அமெரிக்கப் பள்ளி மாவட்டம், அதாவது ஒரு பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பு, என்றே வைத்துச் சொல்கிறேன். பெற்றோருக்குப் போகும் முதல் குறுஞ்செய்தியைத்தான். சம்பவம் நடக்கும்போது உட்கார்ந்து எழுதினால் வக்கீல், காவல்துறை, மாவட்டத் தலைமை அதிகாரியான கண்காணிப்பாளர் எனக் கைமாறியே முக்கால் மணி நேரம் போய்விடும். அதற்குள் மாணவர்களே வீட்டுக்குச் செய்தி அனுப்பியிருப்பார்கள்.

என்ன நடந்தது, பிள்ளைகள் இப்போது எங்கே, பெற்றோர் என்ன செய்ய வேண்டும், அடுத்த தகவல் எத்தனை மணிக்கு. இவ்வளவு போதும். வார்ப்புருவுக்கு முன்கூட்டியே ஒப்புதல் வாங்கி வையுங்கள். அனுப்பும் அதிகாரம் ஒருவருக்கு, அவர் இல்லாவிட்டால் இன்னும் இருவருக்கு. கடவுச்சொல் விடுப்பில் இருப்பவரிடம் மாட்டிக்கொள்வது சர்வசாதாரணம்!

ஆங்கிலக் குறுஞ்செய்தியில் 160 எழுத்து அடங்கும். ஸ்பானிஷில் ‘á’ ஒன்று வந்தாலே 70 ஆகச் சுருங்கி, செய்தி துண்டாகும். மொழிபெயர்ப்பைத் தனியே எண்ணிப் பாருங்கள்.

செய்தியில் வரும் இரண்டு பாதுகாப்புச் சொற்களைக் குழப்பாதீர்கள். ‘செக்யூர்’ என்றால் ஆபத்து வெளியே. வாசல் பூட்டி உள்ளே பாடம் நடக்கும். ‘லாக்டவுன்’ என்றால் ஆபத்து உள்ளேயே. இதை மாற்றிச் சொன்னால் பெற்றோர் காரோடு வந்து ஆம்புலன்ஸ் வழியை அடைத்துவிடுவார்கள்.

பெற்றோருக்குப் போகும் முன் அலுவலகத் தொலைபேசியை எடுப்பவருக்கும் அதே வாசகம் போகட்டும். பிள்ளையை ஒப்படைக்கும் இடம், கொண்டுவர வேண்டிய புகைப்பட அடையாள அட்டை இரண்டும் அடுத்த செய்தியில்.