"கூப்பிட்டால் வருகிறேன்" என்பவர்களுக்கு: ரத்ததானம், கேள்வி பதில்

ரத்த வங்கியில் 22 வருடம் லேப் டெக்னீஷியனாக வேலை பார்த்தவள் நான். இதுவரை 31 முறை ரத்தம் கொடுத்திருக்கிறேன். இன்னும் கொடுத்திருப்பேன், ஹீமோகுளோபின் (ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் பொருள்) விடவில்லை. அந்தக் கதை கீழே வரும். முகாம் முடிந்து சாமான்களை ஏறக்கட்டும்போது ஓரமாக வந்து தயங்கித் தயங்கிக் கேட்பார்களே, அந்த மாதிரிக் கேள்விகள்தான் எனக்கு அதிகம் வந்திருக்கின்றன. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

மதுரையிலிருந்து ஒரு தம்பி (29): அக்கா, எனக்கு ஓ பாசிட்டிவ். ரொம்பச் சாதாரண குரூப். அவசரம் என்று யாராவது கூப்பிட்டால் நடு ராத்திரியிலும் போவேன். ஐந்து வருடமாக யாரும் கூப்பிடவில்லை. நானாகப் போய்க் கொடுக்க வேண்டுமா?

போங்கள் தம்பி, இந்த வாரமே போங்கள். நல்ல மனசு உள்ளவர்கள்கூட ரத்தம் கொடுக்காமலே இருந்துவிடுவதற்குப் பெரிய காரணம் இந்த "கூப்பிட்டால் வருகிறேன்"தான்.

உங்கள் கையிலிருந்து எடுத்த ரத்தத்தை அப்படியே கொண்டுபோய் நோயாளிக்கு ஏற்ற முடியாது. எச்ஐவி, ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, சிபிலிஸ், மலேரியா என்று ஐந்து பரிசோதனை பார்க்க வேண்டும். குரூப்பை மறுபடி உறுதி செய்ய வேண்டும். சிவப்பணு, பிளாஸ்மா (நீர்ப்பகுதி), பிளேட்லெட் (ரத்தம் உறைய உதவும் அணு) என்று பிரிக்க வேண்டும். எல்லாம் முடியச் சில மணி நேரமாவது ஆகும். பிரசவத்தில் ரத்தப்போக்கு நிற்காமல் ஆபரேஷன் தியேட்டரில் படுத்திருக்கும் பெண்ணுக்கு அத்தனை நேரம் கிடையாது. போன வாரமோ போன மாதமோ முகம் தெரியாத யாரோ கொடுத்துவிட்டுப் போன பைதான் அவருக்கு ஏறும். நீங்கள் ராத்திரி பைக்கை எடுத்துக்கொண்டு ஓடி வந்து கொடுப்பது பெரும்பாலும் அவருக்குப் போகாது. அவருக்காகக் காலியான இடத்தைத்தான் அது நிரப்பும்.

சாதாரண குரூப் என்ற எண்ணத்தையும் விட்டுவிடுங்கள். ஓ பாசிட்டிவ், பி பாசிட்டிவ் உள்ளவர்கள் நம் ஊரில் அதிகம் என்றால், அந்த குரூப் நோயாளிகளும் அதிகம் என்றுதான் அர்த்தம். நெகட்டிவ் குரூப் நூற்றுக்கு ஐந்து பேருக்கு இருந்தால் அதிகம். அவர்களுக்குத் தட்டுப்பாடு வரும்போது வாட்ஸ்அப்பில் செய்தி பறக்கிறது. ஓ பாசிட்டிவ் தட்டு காலியானால் யாருக்கும் தெரிவதில்லை. காலையில் ஃபிரிட்ஜைத் திறந்து, அந்தத் தட்டில் நாலே பை கிடப்பதைப் பார்த்து வயிறு கலங்கிய நாட்கள் எனக்கு எத்தனையோ உண்டு.

திருச்சியிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்: எங்கள் கல்லூரியில் வருடத்துக்கு இரண்டு முகாம். அப்புறம் தலைவர்கள், நடிகர்கள் பிறந்தநாள் முகாம் வேறு நடக்கிறது. இவ்வளவு நடந்தும் தட்டுப்பாடு ஏன்?

ரத்தம் கெட்டுப்போகும் பொருள் என்பதுதான் காரணம். சிவப்பணுவை 2 முதல் 6 டிகிரி குளிரில் வைத்தாலும், பையில் இருக்கும் கரைசலைப் பொறுத்து 35 அல்லது 42 நாள்தான் தாங்கும். பிளேட்லெட் ஐந்தே நாள். அதையும் ஆட்டிக்கொண்டே இருக்கும் இயந்திரத்தில்தான் வைக்க வேண்டும். ஒரே நாளில் 300 பேர் கொடுத்துவிட்டு அப்புறம் மூன்று மாதம் ஒருவரும் வராவிட்டால் பாதி ரத்தம் வீணாகும், மீதி நாட்களில் பஞ்சம். முகாம் நடத்துபவர்களை நான் குறை சொல்லவில்லை, அவர்கள் இல்லாவிட்டால் எங்கள் வேலையே ஓடியிருக்காது. ஆனால் ஏப்ரல், மே மாதங்களில் கல்லூரிகள் மூடியிருக்கும்போதும், தீபாவளி, பொங்கலை ஒட்டியும் வருபவர்தான் எங்கள் கண்ணுக்குத் தெய்வம். உங்கள் கல்லூரி செஞ்சுருள் சங்கத்தில் (ரெட் ரிப்பன் கிளப்) ஒரு பேச்சு பேசிப் பாருங்கள்: ஒரே நாளில் 200 பேர் என்பதை மாதம் 20 பேர் என்று பிரித்து, நேராக ரத்த வங்கிக்கே அனுப்ப முடியுமா என்று.

தஞ்சாவூரிலிருந்து ஒரு பள்ளி ஆசிரியை (34): மேடம், மூன்று முறை போய் மூன்று முறையும் "ரத்தம் கம்மி" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். எல்லார் முன்னாலும் சொன்னது அவமானமாக இருந்தது. இனிப் போவதாக இல்லை.

உங்கள் வருத்தம் எனக்கு நன்றாகவே புரிகிறது, ஏனென்றால் என்னையே ஒன்பது முறை திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு 12.5 கிராமாவது இருந்தால்தான் கொடுக்கலாம். முகாமில் ஒரு நீலக் கரைசலில் உங்கள் விரல்நுனி ரத்தத்தைச் சொட்டு விடுவார்கள், பார்த்திருப்பீர்கள். அது மயில்துத்தக் (காப்பர் சல்பேட்) கரைசல். சொட்டு சட்டென்று மூழ்கினால் தேறிவிட்டீர்கள். மிதந்தாலோ தயங்கினாலோ இல்லை. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருந்தது. வெட்கப்பட வேண்டியது நீங்கள் இல்லை. அதை உரக்கச் சொன்னவர்கள் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்க வேண்டும்.

"ரத்தம் கம்மி" என்று அனுப்பிவிடுவதோடு எங்கள் ஆட்கள் நிறுத்திவிடுகிறார்கள், அடுத்து என்ன செய்வது என்று சொல்வதில்லை. அதைச் சொல்கிறேன். முதலில் மருத்துவரிடம் போய் ஏன் குறைந்திருக்கிறது என்று பாருங்கள். மாதவிடாயில் அதிகப் போக்கு, குடல்புழு, மூலம் என்று பல காரணம் இருக்கலாம். இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தால், சொன்ன மாதக் கணக்கு முடியும் வரை விடாமல் சாப்பிடுங்கள். வயிற்றைப் பிசைகிறது, மலம் கறுப்பாகப் போகிறது என்று பத்து நாளில் நிறுத்துபவர்கள்தான் அதிகம், நானும் நிறுத்தியவள்தான். பீட்ரூட்டும் மாதுளையும் சிவப்பாக இருப்பதால் ரத்தம் ஊறும் என்ற நம்பிக்கை நம்மிடம் ஆழமாக இருக்கிறது. அவற்றில் இரும்பு கொஞ்சம்தான். அசைவம் சாப்பிடுபவர் என்றால் ஆட்டு ஈரல், சுவரொட்டி (மண்ணீரல்). சைவம் என்றால் கீரை, பயறு, எள், கூடவே நெல்லிக்காயோ எலுமிச்சையோ. சாப்பிட்ட கையோடு டீ, காபி வேண்டாம், உணவில் உள்ள இரும்பை உடல் எடுக்க விடாது. நான் முதலில் மாற்றியதே இந்த டீயைத்தான். மாத்திரையும் முடித்து ஐந்து மாதம் கழித்துப் போனேன். சொட்டு மூழ்கியது. அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷம் பரீட்சையில் பாஸானபோதுகூட வந்ததில்லை.

ஆண்கள் 90 நாளுக்கு ஒரு முறை கொடுக்கலாம், பெண்களுக்கு 120 நாள் இடைவெளி. எங்கள் முகாம்களில் பத்துப் பேருக்கு ஒரு பெண் வந்தாலே அதிகம். அதனால் உங்களைக் கைவிட எனக்கு மனசில்லை. ஒரு முறை சரி பார்த்துவிட்டு வாருங்கள்.

திருப்பூரிலிருந்து ஒரு பனியன் கம்பெனித் தொழிலாளி: கொடுத்தால் உடம்பு பலவீனமாகும், உழைக்க முடியாது என்று அம்மா விடமாட்டேன் என்கிறார்.

60 கிலோ எடையுள்ளவர் உடம்பில் நாலு லிட்டருக்கு மேல் ரத்தம் இருக்கும். எடுப்பது 350 மில்லி, 55 கிலோவுக்கு மேல் இருந்தால் 450 வரை. நீர்ப்பகுதி ஓரிரு நாளில் ஊறிவிடும். சிவப்பணு நிரம்ப ஒன்று, இரண்டு மாதம் ஆகும். 90 நாள் இடைவெளி வைத்திருப்பதே அதற்காகத்தான். அம்மாவைக் கையோடு கூட்டிப் போங்கள். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் பயம் போய்விடும், அப்படி வந்த அம்மாக்கள் பல பேரை எனக்குத் தெரியும்.

ஆனால் உங்கள் வேலையை யோசித்து ஒன்று சொல்கிறேன். அன்று பாரம் தூக்கக் கூடாது, உயரத்தில் ஏறக் கூடாது, ராத்திரி ஷிஃப்ட் முடித்துத் தூங்காமல் வரக் கூடாது. அதனால் வார விடுமுறை நாளில் கொடுங்கள். மத்திய அரசு ஊழியர்களுக்கு ரத்தம் கொடுக்கும் நாளில் சம்பளத்தோடு சிறப்பு விடுப்பு உண்டு, வருடத்துக்கு நாலு முறை வரை. தினக்கூலிக்காரருக்கு அது இல்லை. அவர் ஒரு நாள் கூலியை விட்டுக் கொடுத்தால்தான் ரத்தத்தைக் கொடுக்க முடியும். இதை மாற்றாமல் "மக்கள் முன்வர வேண்டும்" என்று மேடையில் பேசுவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

சேலத்திலிருந்து ஒருவர்: நாங்கள் இலவசமாகக் கொடுக்கிறோம். நோயாளியிடம் காசு வாங்குகிறார்களே? அதனால்தான் நான் நிறுத்திவிட்டேன்.

ரத்தத்தை விற்கக் கூடாது. 1996-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பைத் தொடர்ந்து, காசு வாங்கிக்கொண்டு ரத்தம் கொடுக்கும் தொழில் 1998 ஜனவரி 1 முதல் நாடு முழுவதும் தடை செய்யப்பட்டது. நோயாளியிடம் வாங்கலாம் என்று அனுமதித்திருப்பது பை, பரிசோதனை, பிரித்தல், குளிர்சாதனம் இதற்கான செயலாக்கக் கட்டணம் மட்டும். 2024 ஜனவரியில் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் இதை மறுபடி வலியுறுத்தினார்கள். அந்த வரம்பு 250 ரூபாயிலிருந்து 1,550 ரூபாய் வரை. அடிக்கடி ரத்தம் ஏற்ற வேண்டிய தலசீமியா, ஹீமோபீலியா, அரிவாளணு ரத்தசோகை போன்ற பரம்பரை ரத்த நோய்கள் உள்ளவர்களுக்கு அந்தக் கட்டணமும் கிடையாது. இந்த வரம்புக்கு மேல் யாராவது வாங்கினால் ரசீதோடு புகார் கொடுங்கள். கொடுப்பதை நிறுத்தினால் அதிகமாக வாங்கியவருக்கு ஒரு நஷ்டமும் இல்லை. மூன்று வாரத்துக்கு ஒரு முறை ரத்தம் ஏற்றிக்கொள்ள வரும் தலசீமியாக் குழந்தைக்குத்தான் நஷ்டம்.

கோவையிலிருந்து ஒரு ஐயா (52): சுகருக்கும் பிரஷருக்கும் மாத்திரை சாப்பிடுகிறேன். என்னைச் சேர்த்துக்கொள்வார்களா?

கட்டுப்பாட்டில் இருந்தால் சேர்த்துக்கொள்வார்கள். கடந்த நாலு வாரத்தில் மாத்திரையோ அளவோ மாறியிருக்கக் கூடாது. இன்சுலின் போட்டுக்கொள்பவர்கள் கொடுக்க முடியாது. தொடர்ந்து கொடுப்பவர்கள் 65 வயது வரை கொடுக்கலாம், முதல் முறை கொடுப்பவர்களுக்கு 60. ஆக இன்றைக்கு ஆரம்பித்தாலும் உங்களுக்கு 13 வருடம் இருக்கிறது ஐயா.

பெயரும் ஊரும் வேண்டாம் என்றவர்: பரிசோதனையில் ஏதாவது இருந்து, அது வெளியே தெரிந்துவிட்டால்?

பலர் மனதில் இருந்தும் கேட்காத கேள்வி இது. முடிவை ரத்த வங்கி உங்களிடம் மட்டும்தான் சொல்ல வேண்டும். ஏதாவது இருந்தால் தனியாக அழைத்து, ஆலோசகர் உட்காரவைத்துப் பேசி, சிகிச்சைக்கு அனுப்புவார்.

அதே சமயம், சந்தேகம் இருந்தால் அதைத் தெரிந்துகொள்வதற்காக ரத்தம் கொடுக்க வராதீர்கள். தொற்று ஏற்பட்ட முதல் சில நாட்களில் எந்தப் பரிசோதனையிலும் அது தெரியாது. அந்த நாட்களில் கொடுத்த ரத்தம் பாதுகாப்பானது என்று முத்திரை வாங்கிப் போய்விடும். அரசு மருத்துவமனைகளில் நம்பிக்கை மையம் இருக்கிறது. எச்ஐவி பரிசோதனை அங்கே இலவசம், ரகசியம் காப்பார்கள். அங்கே போங்கள். 2018 டிசம்பரில் விருதுநகர் மாவட்டத்தில் ஒரு கர்ப்பிணிக்கு எச்ஐவி கலந்த ரத்தம் ஏற்றப்பட்ட செய்தி வந்தபோது எனக்கு இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. கொடுக்கும் முன் நிரப்பும் படிவத்தில் உண்மையை எழுதுங்கள் என்று நான் கெஞ்சுவது இதனால்தான். (ரத்தம் கொடுப்பதால் உங்களுக்குத் தொற்று வருமோ என்ற பயம் வேண்டாம். பையும் ஊசியும் புதிது, ஒரு முறை பயன்படுத்தித் தூக்கிப்போடுவது.)

சென்னையிலிருந்து ஒரு திருநங்கை: அம்மா, நான் ஏன் கொடுக்கக் கூடாது?

மகளே, 2017-ல் வந்த தேசிய வழிகாட்டுதலில் திருநர்கள், ஆணோடு உறவு கொள்ளும் ஆண்கள், பாலியல் தொழிலாளர்கள் எல்லோரையும் நிரந்தரமாக விலக்கி வைத்திருக்கிறார்கள். தொற்று அதிகம் காணப்படும் பிரிவுகள் என்பது அவர்கள் சொல்லும் காரணம். இதை எதிர்த்து 2021-ல் உச்ச நீதிமன்றத்தில் வழக்கு போடப்பட்டது. பிரிட்டனில் அதே வருடம், யார் என்று பார்க்காமல் ஒவ்வொருவரின் சமீபத்திய பழக்கத்தைக் கேட்டு முடிவு செய்யும் முறைக்கு மாறிவிட்டார்கள். என் கருத்தும் அதுதான். கொடுக்க மனசு உள்ள உங்களைத் திருப்பி அனுப்பும் ஒரு விதியை நானும் வேலையில் நிறைவேற்றியிருக்கிறேன், அது எனக்கு வலிக்கிறது.

பச்சை குத்தியிருக்கிறேன். பல் பிடுங்கினேன். டெங்கு வந்துபோனது. குழந்தைக்குப் பால் கொடுக்கிறேன். (நாலு பேர்)

பச்சைக்கு 12 மாதம் பொறுக்க வேண்டும். பல்லுக்கு ஆறு மாதம், டெங்கு குணமானதிலிருந்து ஆறு மாதம். பால் கொடுக்கும் காலம் முழுவதும் கொடுக்க வேண்டாம். பிரசவத்துக்குப் பிறகு ஒரு வருடமாவது ஆகியிருக்க வேண்டும்.

நெல்லையிலிருந்து ஒருவர்: முதல் முறை கொடுத்தபோது நரம்பு கிடைக்காமல் இரண்டு இடத்தில் குத்தினார்கள். கை நீலம் பாரித்துவிட்டது. அப்புறம் எழுந்ததும் மயக்கம். பத்து வருடமாகப் போகவில்லை.

அப்படி நடந்ததற்கு எங்கள் எல்லோர் சார்பிலும் வருந்துகிறேன். நீலம் பாரித்தது தோலுக்கு அடியில் கசிந்த ரத்தம். முதல் நாள் ஐஸ் ஒத்தடம், மறுநாளிலிருந்து வெந்நீர் ஒத்தடம் கொடுத்தால் ஓரிரு வாரத்தில் மறைந்துவிடும். மயக்கம் பெரும்பாலும் முதல் முறை கொடுப்பவர்களுக்குத்தான் வரும், அடுத்தடுத்த முறை குறைந்துகொண்டே போகும். போனதும் "எனக்குப் போன முறை இப்படி ஆனது" என்று சொல்லிவிடுங்கள். கை பழகிய ஆளாகப் பார்த்து அனுப்புவார்கள். கூட்டமான முகாமுக்குப் போகாமல் காலையில் ரத்த வங்கிக்கே போங்கள். அங்கே அவசரம் இருக்காது.

வேலூரிலிருந்து ஒரு தங்கை (19): நாளைக்கு முதல் முறை போகிறேன் அக்கா. என்ன சாப்பிட வேண்டும்?

இன்றைக்கு ராத்திரி நன்றாகத் தூங்கு. காலையில் இட்லியோ தோசையோ வழக்கம்போல் சாப்பிடு, வெறும் வயிற்றோடு போகாதே, விரதம் இருக்கும் நாளென்றால் தள்ளிப் போடு. எடை 45 கிலோவாவது இருக்க வேண்டும். போவதற்கு அரை மணி நேரம் முன்னால் இரண்டு பெரிய டம்ளர் தண்ணீர் குடி. முழங்கைக்கு மேலே சுலபமாக ஏற்றிவிடக்கூடிய சட்டையாகப் போடு. ஊசி குத்தும்போது பார்க்கப் பிடிக்காவிட்டால் முகத்தைத் திருப்பிக்கொள். பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். படுத்திருக்கும்போது தொடையையும் காலையும் இறுக்கி இறுக்கி விடு, மயக்கம் வராமல் இருக்க அது உதவும். முடிந்ததும் கொடுக்கிற பிஸ்கட்டையும் ஜூஸையும் பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடாதே, அங்கேயே இருபது நிமிடம் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு எழுந்திரு. அப்புறம் ஃபோனை எடுத்து, அன்றிலிருந்து 120 நாள் எண்ணி அந்தத் தேதியில் ஒரு குறிப்புப் போட்டு வை.