ரோபோ இல்லாவிட்டால் அம்மாவின் கால் கட்டையாகிவிடுமா?

கேள்வி: அம்மாவுக்கு 66 வயது. வலது இடுப்பு மூட்டு தேய்ந்துவிட்டது, மாற்றத்தான் வேண்டும் என்று திருகோணமலை கிளினிக்கில் சொல்லிவிட்டார்கள். நோயாளிகளைச் சென்னைக்குக் கூட்டிப்போகும் ஒருவர், "ரோபோ வைத்துச் செய்யாவிட்டால் மூட்டு கோணலாக உட்காரும், கால் கட்டையாகும்" என்கிறார். நகையை ஈடு வைக்கலாமா? – வாசகி, மூதூர்

நகையில் கை வைக்காதீர்கள், சகோதரி. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

செயற்கை மூட்டு என்பது இடுப்பெலும்பில் ஒரு கிண்ணம், தொடையெலும்பில் ஒரு தண்டு, தண்டின் தலையில் ஒரு பந்து. கிண்ணம் பிழையான சாய்வில் உட்கார்ந்தால் பந்து நழுவலாம், ஒரு பக்கம் வேகமாகத் தேயலாம். உங்கள் பயத்தில் அந்தளவு உண்மை இருக்கிறது. 1978இல் லூயினெக் என்ற வைத்தியரின் குழுவினர் சொன்ன அளவைத்தான் நாங்கள் படித்தோம்: கிண்ணத்தின் பக்கச் சாய்வு 40 பாகை, முன்திருப்பம் (கிண்ணத்தின் வாய் முன்பக்கம் திரும்பியிருக்கும் அளவு) 15 பாகை, இரண்டிலும் 10 பாகை கூடலாம், குறையலாம். அந்தப் பத்துப் பாகை இடத்தை, சென்னைக்குக் கூட்டிப்போகும் அந்தத் தரகர் சொல்லவே மாட்டார்.

தியேட்டரில் தேங்காய் துருவலை போலப் பல் வைத்த அரைக்கோளத் துருவியால், சிறிய அளவில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, இடுப்பெலும்பின் குழியைச் சீராக்குவோம். பிறகு நீண்ட பிடியின் நுனியில் கிண்ணத்தை மாட்டி, சுத்தியலால் தட்டி இறுக்குவோம். பிடியிலிருந்து ஒரு கம்பி நீட்டிக்கொண்டிருக்கும். அதை நோயாளியின் உடம்போடு ஒப்பிட்டுச் சாய்வைப் பிடிப்போம். உலகெங்கும் இலட்சக்கணக்கான மூட்டுகள் இப்படித்தான் பொருத்தப்பட்டன. இதில் ஒரு குறை உண்டு. பக்கவாட்டில் படுத்திருப்பவரின் இடுப்பு, தட்டத் தட்டத் துணிக்கு அடியில் உருளும். கம்பிக்கு அது தெரியாது. அனுபவசாலி கம்பியை மட்டும் நம்பாமல், குழியின் அடியில் குறுக்கே ஓடும் தடித்த நாரைத் தொட்டுப் பார்த்து, கிண்ணத்தின் விளிம்பை அதற்கு இணையாக வைப்பார்.

கணினி வழிகாட்டி வந்தது இந்தக் குறையை நீக்கத்தான். எலும்பில் ஊசி குத்தி ஒளி தெறிக்கும் குண்டுகளைப் பொருத்தினால், அகச்சிவப்புக் கமரா அவற்றைப் பார்த்துப் பாகையைத் திரையில் காட்டும். ரோபோ, சீ.டி. ஸ்கேனில் போட்ட திட்டத்துக்கு வெளியே துருவியைப் போகவிடாது. ஆனால் துருவியைப் பிடித்திருப்பது வைத்தியரின் கைதான். கிண்ணம் நினைத்த கோணத்தில் உட்காரும் வாய்ப்பு இவற்றால் கூடுகிறது. அதனால் நோயாளி இன்னும் நன்றாக நடக்கிறார் என்பதோ இன்னும் தெளிவாக நிறுவப்படவில்லை.

கால் நீளம் வேறு கதை. அது தண்டு எவ்வளவு ஆழம் போகிறது, பந்தின் கழுத்து எவ்வளவு நீளம் என்பதில்தான் பெரும்பாலும் இருக்கிறது. மாதிரித் தண்டையும் பந்தையும் போட்டு ஆட்டி, அளந்து பார்த்துத்தான் முடிவு செய்வோம். அதற்கு நல்ல எக்ஸ்ரே வேண்டும். படம் எலும்பை 15, 20 வீதம் பெரிதாக்கிக் காட்டும் என்பதால், மூட்டு மட்டத்தில் 25 மில்லிமீற்றர் உலோகக் குண்டு ஒன்றை வைத்து எடுக்க வேண்டும். குண்டு இல்லாத படத்தோடு பஸ் ஏறி வந்து, திரும்பவும் எடுக்கப் போகும் வயோதிபர்களைப் பார்த்துப் பார்த்து எனக்குப் பொறுமை போய்விட்டது. ஒரு சின்னக் குண்டு! அதற்கும் ஒரு கடிதம், அதன்மேல் ஒரு கையெழுத்து, பிறகு இன்னொரு கையெழுத்து.

ஒரேயொரு விஷயத்தில் நான் கருவியின் பக்கம் நிற்பேன். அம்மாவின் நாரிமுள் (முதுகெலும்பின் கீழ்ப்பகுதி) இறுகியிருக்கிறதா? அங்கே முன்பு கம்பி, திருகாணி வைத்தார்களா? நாம் உட்காரும்போது இடுப்பெலும்பு பின்னால் சாய்ந்து, தொடை மடங்க இடம் விடும். நாரி இறுகியவருக்கு அது சாயாது. தொடையெலும்பின் கழுத்து கிண்ணத்தின் முன்விளிம்பில் முட்டி, பந்தைப் பின்னால் நெம்பித் தள்ளிவிடும். தாழ்ந்த கதிரையிலோ மலசலகூடத்திலோ இருந்து எழும்பும்போது இது நடக்கும். இவர்களுக்கு 40, 15 என்ற கணக்கு போதாது. 2016இல் வெளியான, அமெரிக்காவின் மாயோ கிளினிக் ஆய்வில், நழுவிய மூட்டுகளில் பாதிக்கு மேல் அந்தப் பாதுகாப்பான அளவுக்குள்ளேயே இருந்தன. நிற்க வைத்து ஒன்று, உட்கார வைத்து ஒன்று என்று பக்கவாட்டு எக்ஸ்ரே எடுத்து, கோணத்தை அவருக்கென்று கணக்கிட வேண்டும். அப்படிக் கணக்கிட்ட கோணத்தைத் தவறாமல் பிடிக்கக் கணினி உதவும். அம்மாவுக்கு இப்படி இருந்தால் கிளினிக்கில் நீங்களாகவே சொல்லுங்கள். ஐந்து நிமிடத்தில் ஐம்பது பேரைப் பார்க்க வைக்கும் இந்த ஏற்பாட்டில், யாரும் கேட்காமல் விட்டுவிடக்கூடும்.

தரகரிடம் வருவோம். அவருக்குக் கிடைப்பது ஆள் ஒன்றுக்கான கொமிஷன். உங்கள் அம்மாவின் எக்ஸ்ரேயை அவர் பார்க்கக்கூட இல்லை. ரோபோ என்று கூட்டிப்போன இடத்தில் அது முழங்காலுக்கு மட்டும் இருக்கலாம், அல்லது அன்றைக்கு அது வேலை செய்யாமல் போகலாம். மூதூரில் நடுச்சாமத்தில் மூட்டு நழுவினால் அவருடைய தொலைபேசி எடுபடாது. அம்மாவைத் தூக்கிக்கொண்டு அதே திருகோணமலை வாட்டுக்குத்தான் ஓடுவீர்கள். இந்த இனம் உள்நாட்டிலும் உண்டு. மூட்டை வெளியே வாங்கச் சொல்லித் துண்டு தந்தால், வாசலில் நிற்பவரிடம் காசைக் கொடுக்காதீர்கள். நிறுவனத்தின் பற்றுச்சீட்டைக் கேளுங்கள், அந்த மூட்டு தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையில் பதிவானதா என்றும் கேளுங்கள்.

கிளினிக்கில் கேட்க வேண்டியது இதுதான்: இந்தச் சத்திரசிகிச்சையை அடிக்கடி செய்பவர் யார், எங்கே? மட்டக்களப்போ கண்டியோ கொழும்போ, அவரிடம் அனுப்பச் சொல்லுங்கள். காத்திருக்க வேண்டிவரும், அது எனக்கும் கோபம்தான். பெயரைப் பதிந்துவிட்டு, மாதம் ஒருமுறை விசாரியுங்கள்.

சத்திரசிகிச்சை முடிந்து முதல் சில கிழமைகள் கால் நீண்டதுபோலத் தோன்றலாம். பெரும்பாலும் அது தசை இறுக்கம். உடனே செருப்பை உயர்த்தாதீர்கள். வீட்டுக்கு வரும்போது டயக்னோசிஸ் காட்டில் (வாட்டிலிருந்து அனுப்பும்போது தரும் சிகிச்சை அட்டையில்) கிண்ணம், தண்டு, பந்து ஆகியவற்றின் ஸ்டிக்கர்கள் ஒட்டப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். அளவும் தொகுதி எண்ணும் அதில்தான் இருக்கும். இல்லையென்றால் வாட்டை விட்டு இறங்குவதற்கு முன் கேட்டு ஒட்டிக்கொள்ளுங்கள்.