வாக்கிங் போன மறுநாள் உடம்பு அடித்துப் போட்டாற்போல் ஆகிவிடுகிறது, ரிப்போர்ட் எல்லாம் நார்மல் என்கிறார்கள். அப்புறம் என்னதான் பிரச்சினை?

கேள்வி: எனக்கு வயது 36. முன்பு வாரத்துக்கு நாலு நாள் 5 கிலோமீட்டர் ஓடிக்கொண்டிருந்தவள். எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு வைரஸ் காய்ச்சல் வந்து போனது. அதிலிருந்து 20 நிமிடம் வேகமாக நடந்தாலே போதும், அன்றைக்கு ஒன்றும் தெரியாது, மறுநாள் சாயங்காலம் காய்ச்சல் வரப்போகிற மாதிரி உடம்பு வலி, தொண்டைக் கரகரப்பு, படித்த வரியையே திரும்பத் திரும்பப் படிக்கிற அளவுக்கு மந்தம். இரண்டு மூன்று நாள் படுக்கைதான். ரத்தப் பரிசோதனை, ஈசிஜி எல்லாம் நார்மல். "விடாமல் செய்யுங்கள், ஸ்டாமினா வந்துவிடும்" என்கிறார் ட்ரெய்னர். "டென்ஷனைக் குறையுங்கள்" என்கிறார் டாக்டர். யாரைப் பார்ப்பது, என்ன கேட்பது?

பதில்: முதலில் அந்த வேக நடையை நிறுத்திவையுங்கள். ட்ரெய்னர் சொல்வது பெரும்பாலானவர்களுக்குச் சரிதான், ஆனால் நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் உங்களுக்குப் பொருந்துகிற மாதிரி தெரியவில்லை.

எதை வைத்துச் சொல்கிறேன் என்றால், அசதி எப்போது வருகிறது என்பதை வைத்து. பயிற்சி செய்துகொண்டிருக்கும்போதே மூச்சு வாங்கி, நெஞ்சு அடைத்தால் இதயம், நுரையீரல், ரத்தசோகை என்று யோசிப்போம். ஓடி முடித்துச் சட்டென்று நின்றவுடன் கண்ணை இருட்டிக்கொண்டு வந்தால், ரத்தம் கால்களில் தேங்கி ரத்த அழுத்தம் இறங்கியிருக்கலாம். மெதுவாக நடந்து நடந்து நிறுத்தினாலே பலருக்கு இது சரியாகிவிடும். முடித்த சில நிமிடங்களில் இருமலும் இளைப்பும் வந்தால் உடற்பயிற்சியால் தூண்டப்படும் வீசிங்காக இருக்கலாம், சும்மா உட்கார்ந்திருக்கும்போது ஊதிப் பார்க்கிற சோதனையில் அது தெரியாமலே போகலாம். உங்களுக்கு வருவது மறுநாள். அதுதான் இங்கே முக்கியம்.

மறுநாள் வலி எல்லோருக்கும் வரும்தானே என்று கேட்கலாம். வரும். பழக்கமில்லாத பயிற்சி செய்தால் 24 முதல் 72 மணி நேரத்துக்குள் தசைவலி உச்சத்துக்குப் போகும், ஆனால் வேலை செய்த தசையில்தான் வலிக்கும், அதே பயிற்சியை நாலாவது தடவை செய்யும்போது வலி குறைந்திருக்கும். தொண்டை கரகரக்காது, மூளை மந்தமாகாது. உங்கள் விஷயத்தில் நடந்ததோ கால், நோவதோ உடம்பு மொத்தமும்.

இப்படி 12 முதல் 48 மணி நேரம் தள்ளி வந்து, நாள்கணக்கில், சிலருக்கு வாரக்கணக்கில் நீடிக்கிற சரிவை மருத்துவத்தில் போஸ்ட் எக்ஸெர்ஷனல் மலைஸ் என்பார்கள், சுருக்கமாக பி.இ.எம். எம்.இ/சி.எஃப்.எஸ் எனப்படும் நாட்பட்ட களைப்பு நோயின் முக்கிய அடையாளம் இது, கோவிட்டுக்குப் பிறகு நீண்டகாலம் அவதிப்படுகிறவர்கள் பலரிடமும் இருக்கிறது. அமெரிக்காவின் இன்ஸ்டிடியூட் ஆஃப் மெடிசின் 2015-ல் வகுத்த அளவுகோலில், முன்புபோல் இயங்க முடியாமல் ஆறு மாதத்துக்கு மேல் நீடிக்கும் சோர்வு, பி.இ.எம்., தூங்கி எழுந்தாலும் தெளியாத உடம்பு ஆகிய மூன்றும் இருக்க வேண்டும். அதோடு சிந்தனை மந்தமோ, நிமிர்ந்து நின்றால் கூடும் தொந்தரவோ ஒன்றாவது இருக்க வேண்டும். உங்களுக்கு இதுதான் என்று நேரில் பார்க்காமல் நான் சொல்ல மாட்டேன். தூக்கத்தைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தைகூட எழுதவில்லை, அது எனக்கு வேண்டும்.

சரி, அந்த நார்மல் ரிப்போர்ட்டுக்கு வருவோம். எந்தெந்தச் சோதனை நார்மல்? ஈசிஜி நீங்கள் படுத்திருந்தபோது எடுத்தது, படுத்திருந்த இதயத்தைப் பற்றித்தான் பேசும். ஹீமோகுளோபின் சரியாக இருந்தாலும் உடம்பின் இரும்புச் சேமிப்பு காலியாகியிருக்கலாம், மாதவிடாயில் அதிகம் ரத்தம் போகிறவர்களிடம் இதை நிறையப் பார்க்கிறேன். அதனால் ஃபெரிட்டின் கேளுங்கள். பல லேப்களில் 15-க்கு மேல் இருந்தால் நார்மல் என்றே அச்சாகி வரும், ஆனால் 30-க்குக் கீழே இருந்தாலே இரும்புக் குறைவு என்று எடுத்துக்கொண்டு சிகிச்சை தருகிற மருத்துவர்கள் பலர். உடம்பில் அழற்சி இருந்தால் ஃபெரிட்டின் பொய்யாக ஏறிக் காட்டும், ஆகவே கூடவே அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி.யும். தைராய்டுக்கு டி.எஸ்.எச்., மூன்று மாதச் சர்க்கரை சராசரி, பி12, வைட்டமின் டி, சிறுநீரகம், கல்லீரல், சோடியம், பொட்டாசியம், கோதுமை ஒவ்வாமல் குடல் பாதிக்கப்படும் சீலியாக் நோய்க்கான ஆன்டிபாடி, இவ்வளவும் பார்த்தாயிற்றா என்று சரிபாருங்கள். தசை நொதியான சி.கே. எடுப்பதானால் அதற்கு முன் ஒரு வாரம் கடுமையான பயிற்சி கூடாது, பயிற்சியே அதை ஏற்றிவிடும். எடை குறைந்து, தோல் கறுத்து, உப்புக்கு நாக்கு ஏங்கினால் அட்ரினல் சுரப்பியின் ஹார்மோனான கார்ட்டிசோலையும் காலை நேரத்தில் பார்க்க வேண்டும். குறட்டை இருந்தால் தூக்கப் பரிசோதனை. ரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் தருகிற பீட்டா பிளாக்கர், கொழுப்பைக் குறைக்கிற ஸ்டாட்டின் மாதிரி மாத்திரை எது சாப்பிட்டாலும் மறைக்காமல் சொல்லுங்கள்.

காசில்லாமல் வீட்டிலேயே ஒன்று செய்யலாம், பக்கத்தில் ஆள் இருக்கட்டும். பத்து நிமிடம் அமைதியாகப் படுத்திருந்து நாடித்துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். எழுந்து சுவரில் சாய்ந்து, ஆடாமல் அசையாமல் பத்து நிமிடம் நின்று, நிமிடத்துக்கு ஒரு தடவை எழுதுங்கள். தலை சுற்றினால் உடனே உட்கார்ந்துவிடுங்கள். ரத்த அழுத்தம் பெரிதாக இறங்காமல் துடிப்பு மட்டும் படுத்திருந்ததைவிட நிமிடத்துக்கு 30 அல்லது அதற்கு மேல் ஏறி அப்படியே நின்றால் பாட்ஸ் எனும் கோளாறாக இருக்கலாம். வைரஸ் காய்ச்சலுக்குப் பின் வருகிற இதைச் சமாளிக்க வழிகள் உண்டு, அதனால்தான் இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

யாரைப் பார்ப்பது? நேரே இதய நிபுணர், நரம்பு நிபுணர் என்று ஓடாதீர்கள். ஆளுக்கொரு பாகம் பார்த்து ஆளுக்கொரு நார்மல் சொல்லி அனுப்புவார்கள் (எங்கள் தொழிலின் குறைதான், ஒப்புக்கொள்கிறேன்). ஒரு பொதுமருத்துவரைப் பிடித்துக்கொள்ளுங்கள், தேவையென்றால் அவர் அனுப்புவார். அவரிடம் "சோர்வாக இருக்கு டாக்டர்" என்று ஆரம்பிக்க வேண்டாம், அன்று காலையிலிருந்து அதைப் பத்துப் பேர் சொல்லியிருப்பார்கள். "5 கிலோமீட்டர் ஓடினவள், இப்போது 20 நிமிட நடைக்கு மூன்று நாள் படுக்கிறேன்" என்று சொல்லுங்கள், நிமிர்ந்து பார்ப்பார். இரண்டு வாரக் குறிப்பு ஒரே தாளில் இருக்கட்டும்: என்ன செய்தீர்கள், எத்தனை மணி நேரம் கழித்து என்ன வந்தது, எப்போது விட்டது. இதற்காக வேண்டுமென்றே நடந்து உடம்பைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம், வழக்கமான வீட்டு வேலை, ஆபீஸ் வேலை போதும். தலையைக் குடைகிற வேலையும் இதில் உழைப்புக் கணக்குதான்.

மனநிலை பற்றிக் கேட்டால் கோபப்படாதீர்கள், கேட்பது அவர் கடமை. மனச்சோர்வில் எதிலும் ஆசையே விட்டுப்போயிருக்கும். பி.இ.எம். உள்ளவரிடம் உடம்பு சரியானால் என்ன செய்வீர்கள் என்று கேட்டால் நீளமாக ஒரு பட்டியலே சொல்வார். இரண்டும் ஒன்றாக இருப்பதும் உண்டு, நான் பார்த்திருக்கிறேன்.

எம்.இ/சி.எஃப்.எஸ் என்றே உறுதியானால், கொஞ்சம் கொஞ்சமாகப் பயிற்சியைக் கூட்டும் பழைய முறைக்குச் சம்மதிக்காதீர்கள். பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2021 வழிகாட்டுதலில் அதைக் கைவிட்டுவிட்டது. இப்போது சொல்வது பேசிங், அதாவது களைத்த பிறகு ஓய்வெடுக்காமல் களைப்பதற்கு முன்னாலேயே எடுப்பது. கேட்க எளிது, ஓடிப் பழகியவருக்கு ரொம்பக் கஷ்டம். நல்ல நாளில் மொத்த வேலையையும் முடித்துவிடலாம் என்று தோன்றும், அன்றுதான் கவனம் வேண்டும். நோயை அடியோடு தீர்க்கிற மருந்து இன்னும் இல்லை, தூக்கம், வலி, நிற்கும்போது வரும் படபடப்பு ஆகியவற்றுக்குத் தனித்தனியே வைத்தியம் உண்டு.

பயிற்சியின்போது நெஞ்சுவலி அல்லது மயக்கம், கடும் தசைவலியோடு கறுப்புத் தேநீர் நிறத்தில் சிறுநீர், ஒரு கால் மட்டும் வீங்கி மூச்சுத் திணறல், இதில் எது வந்தாலும் அப்பாயின்ட்மென்டுக்குக் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். வீட்டில் யாராவது இளவயதில் திடீரென்று இறந்திருந்தால் அதை முதல் சந்திப்பிலேயே சொல்லுங்கள்.

ஃபெரிட்டின் முடிவு வந்ததும் எனக்கு மறுபடி எழுதுங்கள். எண்ணை எழுதுங்கள், நார்மல் என்று எழுதாதீர்கள்.