வாசகர் கேள்வி: மரபணு படித்தால் வெயிலில் நிற்க வேண்டாமா?

கேள்வி: எங்கள் நிலத்தில் குச்சிக்கிழங்குதான் (மரவள்ளி) பயிர். பிளஸ் டூ முடித்த மகள், தாவர மரபியலும் மூலக்கூறு உயிரியலும் படித்து ஆராய்ச்சியாளர் ஆவேன் என்கிறாள். அவள் அப்பாவுக்கு இதில் விருப்பமில்லை. எங்களைப்போல வெயிலில் காயாமல், ஆய்வுக்கூடத்திலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாமா ஐயா?
– ஒரு வாசகி, வாழப்பாடி

பதில்: வெயிலுக்குப் பயந்தால் வங்கித் தேர்வு எழுதச் சொல்லுங்கள், அம்மா. புதுப் பயிர் ரகங்களை உருவாக்கும் வேலையிலேயே தலை நரைத்தவன் நான்.

உங்கள் பயிரையே எடுத்துக்கொள்வோம். தேமல் நோய் கண்ட செடியில் கரணை (தண்டுத் துண்டு) வெட்டி நட்டால், நோயையும் சேர்த்தே நடுகிறோம். அதைச் செடிக்குச் செடி பரப்பும் மிச்ச வேலையை வெள்ளை ஈ பார்த்துக்கொள்ளும். நோயைத் தாங்கும் ரகம் வேண்டுமானால் இரண்டு ரகங்களைக் கலக்க வேண்டும். குச்சிக்கிழங்கில் ஆண்பூவும் பெண்பூவும் தனித்தனி. பெண்பூ முந்திக்கொண்டு மலரும். அது விரியும் நாளில் மகரந்தம் தடவி, பை கட்டி, காய் முற்றும்வரை காத்திருந்தால் ஒரு காய்க்கு அதிகம் போனால் 3 விதை! இதற்கா இத்தனை பாடு என்று நானே முணுமுணுத்ததுண்டு.

முன்பெல்லாம் அந்த விதையில் முளைத்த நாற்றுகளை நட்டுவிட்டுத் தேமல் வருகிறதா என்று பருவம் முழுக்கப் பார்த்திருப்போம். இப்போது இளம் இலையில் சிறு துண்டைக் கிள்ளி, டிஎன்ஏவைப் பிரித்து, எதிர்ப்பு மரபணுவை ஒட்டி வரும் அடையாளம் இல்லாத நாற்றுகளை அப்போதே கழித்துவிடலாம். மிஞ்சியவை வயலுக்குப் போயே தீர வேண்டும். ஆப்பிரிக்க ரகங்களில் உள்ள 'சிஎம்டி2' என்ற எதிர்ப்புத்திறன், ஆய்வுக்கூடத்தில் திசுவிலிருந்து வளர்த்தெடுத்த செடிகளில் காணாமல் போனது. செடியை நோய்க்கு நடுவே நிறுத்திப் பார்த்ததால்தான் அது தெரிந்தது. டிஎன்ஏவைப் படியெடுக்கும் நொதியொன்றின் மரபணுவில் உள்ள மாற்றத்தோடு இந்தத் திறன் சேர்ந்து வருகிறது என்ற ஆய்வு 2022இல்தான் வெளிவந்தது. இந்த மாதிரிப் புதிர் பிடிக்கும் பெண்ணுக்கு ஏற்ற துறை இது.

படிப்பு நீளம். கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் இளநிலை 4 ஆண்டு, முதுநிலை 2, அதன்மேல் முனைவர் பட்டம். 'நெட்' எனும் தேசியத் தகுதித் தேர்வில் இளநிலை ஆய்வாளராகத் தேர்வானால் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை உண்டு. நிரந்தர வேலை கிடைப்பதற்குள் வயது முப்பதை நெருங்கும். கல்யாணம் எப்போது என்று கேட்கும் உறவினருக்கு இப்போதே பதில் தயார் செய்துகொள்ளுங்கள்.

ஏத்தாப்பூர் மரவள்ளி ஆராய்ச்சி நிலையம் உங்களுக்குப் பஸ்ஸில் போய்வரும் தூரம்தான். அனுமதி கேட்டு ஒருநாள் அழைத்துப் போங்கள். அவள் அப்பாவும் வரட்டும். தேமலைப் பற்றிக் கேட்க அவருக்கும் நிறைய இருக்கும்.