வீட்டை இப்போதே மகன் பெயருக்கு எழுதிக் கொடுக்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 71. கணவர் காலமாகி நான்கு வருடம் ஆகிறது. வில்லிவாக்கத்தில் ஒரு கிரவுண்டில் தனி வீடு. 1994-இல் என் பெயரில் வாங்கியது. இரண்டு மகன்கள், ஒரு மகள். என்னோடு இருக்கும் இளைய மகன், வீட்டைத் தன் பெயருக்கு செட்டில்மெண்ட் எழுதித் தரச் சொல்கிறான். உயில் என்றால் கோர்ட்டுக்கு அலைய வேண்டும் என்கிறான். வீடு அவனுக்கே சேரட்டும். ஆனால் பிறகு என்னை வெளியே போகச் சொன்னால் என்ன செய்வேன்? பாங்க் டெபாசிட் 18 லட்சம் மூத்தவனுக்கும் மகளுக்கும் போக வேண்டும். அதற்கும் நாமினி இளையவன்தான்.

பதில்: அம்மா, செட்டில்மெண்டில் இப்போது கையெழுத்துப் போடாதீர்கள். நீங்கள் நினைக்கிற அத்தனையையும் உயிலிலேயே செய்யலாம்.

செட்டில்மெண்ட் பதிவானதுமே வீடு மகனுடையது. நாளைக்கு மனம் மாறினாலும், நீங்களாகப் போய் ரத்துப் பத்திரம் எழுதி அதை மீட்க முடியாது; சிவில் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். மகன் நல்லவராகவே இருக்கலாம். அவர் வாங்கிய கடனுக்கு வீடு ஜப்தியில் போனால்? உங்களுக்கு முன்பே அவருக்கு ஏதாவது நேர்ந்தால்? அப்போது அவருடைய மனைவி, பிள்ளைகளோடு நீங்களும் ஒரு பங்குக்காரராக நிற்பீர்கள், உங்கள் சொந்த வீட்டில்.

குடும்பத்துக்குள் எழுதும் செட்டில்மெண்டுக்கு முத்திரைத்தீர்வை 1%, அதிகபட்சம் 40,000 ரூபாய். பதிவுக்கட்டணம் 1%, அதிகபட்சம் 10,000. செலவு இவ்வளவுதானே என்றுதான் பலர் அவசரப்படுகிறார்கள். உயிலுக்கு முத்திரைத்தீர்வையே கிடையாது. உயிருள்ளவரை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம்.

கோர்ட் அலைச்சல் என்று மகன் சொல்வது புரோபேட்டை, அதாவது உயில் உண்மையானதுதான் என்று கோர்ட்டில் வாங்கும் சான்றை. சென்னைக்குள் இருக்கும் சொத்துக்கு இந்துக்கள் எழுதும் உயிலுக்கு அது நெடுங்காலம் கட்டாயமாக இருந்தது. அதற்குக் காரணமான இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 213-ஆம் பிரிவை 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நீக்கிவிட்டது. யாராவது உயிலை எதிர்த்தால் கோர்ட்டில் நிரூபிக்கத்தான் வேண்டும். அதனால் எழுதும்போதே பலமாக எழுத வேண்டும்.

உயிலில் வழக்கு விளைவது பெரும்பாலும் சாட்சிகளிடத்தில்தான். குறைந்தது இரண்டு சாட்சிகள் வேண்டும். நீங்கள் கையெழுத்திடுவதை இருவரும் கண்ணால் பார்க்க வேண்டும். அவர்களும் உங்கள் முன்னிலையில் கையெழுத்திட வேண்டும். பத்திரத்தை வீட்டுக்குக் கொண்டுபோய் சாட்சிக் கையெழுத்து வாங்கி வருவது பெரும் தவறு. உயிரோடு இருக்கும் சாட்சிகளில் ஒருவராவது பின்னால் கூண்டில் ஏறிச் சொல்ல வேண்டியிருக்கும். ஆகவே உங்களைவிட இளையவர்களாக, உள்ளூரில் இருப்பவர்களாக, உயிலால் எந்த லாபமும் இல்லாதவர்களாகப் பாருங்கள். ஒருவர் உங்களைப் பார்த்துவரும் டாக்டர் என்றால் மிக நல்லது. தெளிவான மனநிலையில் இருக்கிறீர்கள் என்று அதே தேதியில் அவரிடம் ஒரு சான்றும் வாங்குங்கள்.

வீடு கிடைக்கப்போகிற இளைய மகன் வக்கீலைப் பார்ப்பதோ, உங்களை சார்பதிவாளர் அலுவலகத்துக்கு அழைத்துப் போவதோ வேண்டாம். ஆதாயம் பெறுபவரே முன்னின்று எழுதவைத்த உயிலை நீதிமன்றம் சந்தேகத்தோடுதான் பார்க்கும். மற்ற இருவருக்கும் வீட்டில் ஏன் பங்கு இல்லை என்பதை உங்கள் வார்த்தையில் இரண்டு வரி எழுதுங்கள். இளையவர் உங்களுக்கு முன் இறந்தால் வீடு யாருக்கு என்பதையும் எழுதுங்கள். விட்டுப்போன சொத்து எதுவானாலும் யாருக்குச் சேரும் என்றும் ஒரு வரி வேண்டும். பதிவு கட்டாயமில்லை, ஆனாலும் செய்துவிடுங்கள்.

டெபாசிட்டில் நாமினி வெறும் பொறுப்பாளர்தான். பணத்தின் சொந்தக்காரர் உயிலோ வாரிசுச் சட்டமோ சொல்பவர். ஆனால் பாங்க் நாமினி கையில் பணத்தைக் கொடுத்துவிடும். அதைத் திரும்ப வாங்க மகள் தம்பி மேல் வழக்குப் போட வேண்டிவரும். 2025 நவம்பர் 1 முதல் ஒரு கணக்குக்கு நான்கு பேர் வரை, சதவீதம் குறிப்பிட்டு நாமினி வைக்கலாம். இந்த வாரமே கிளைக்குப் போய் மூத்தவர், மகள் இருவரையும் 50-50 என்று மாற்றுங்கள். உயிலிலும் அதே பங்கு இருக்கட்டும்.

செட்டில்மெண்ட் எழுதியே ஆக வேண்டிய நிலை வந்தால், இரண்டு வாசகம் இல்லாமல் கையெழுத்திடக் கூடாது. ஒன்று, ஜீவியகாலம் வரை வீட்டில் குடியிருக்கவும் வாடகையை அனுபவிக்கவும் உங்களுக்கு உரிமை உண்டு என்பது. மற்றொன்று, உணவு, உறைவிடம், மருத்துவம் ஆகிய அடிப்படைத் தேவைகளைக் கவனித்துக்கொள்ளும் நிபந்தனையின் பேரில்தான் எழுதிக் கொடுக்கிறேன் என்பது. இரண்டாவதுதான் உயிர்நாடி. மகன் கவனிக்காவிட்டால், 2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவின்படி கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனுக் கொடுத்துப் பத்திரத்தைச் செல்லாததாக்கலாம். ‘அன்பு பாசத்தின் பேரில்’ என்று மட்டும் எழுதிய பத்திரத்துக்கு இந்தப் பிரிவு உதவாது என்ற நிலையை உச்ச நீதிமன்றம் 2022-இல் எடுத்தது. 2025 ஜனவரியில் முதியோருக்குச் சாதகமாகத் தாராளமாகப் பொருள் கொண்டது. அந்த இழுபறியில் நீங்கள் ஏன் சிக்க வேண்டும்? நிபந்தனையை வெளிப்படையாகவே எழுதிவிடுங்கள்.

பதிவு செய்த உயில் வில்லங்கச் சான்றில் வராது. உங்கள் காலத்தில் அதன் நகலை நீங்களோ நீங்கள் அதிகாரம் கொடுத்தவரோதான் வாங்க முடியும். அதனால் மகனுக்குத் தெரிந்துவிடுமோ என்று அஞ்ச வேண்டாம். ஆவண எண், ஆண்டு, எந்த சார்பதிவாளர் அலுவலகம் என்பதை ஒரு தாளில் குறித்து, உங்கள் நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் கொடுத்து வையுங்கள்.