பிரெக்ஸிட், சிக்கனம் – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயாவுக்கு வணக்கம்.

நான் கிழக்கு லண்டனில் இருபத்தாறு வருடங்களாக இருக்கிறேன். சென்ற மாதம் நீங்கள் எழுதிய கட்டுரையில் 2016 வாக்கெடுப்பைப் பற்றி ஒரு வரி வருகிறது: ‘பிரித்தானியர்கள் தங்கள் வெறுப்புக்கு வாக்களித்தார்கள்.’ அந்தப் பிரித்தானியர்களில் நானும் ஒருவன். ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலக வேண்டும் என்றுதான் வாக்களித்தேன். யாழ்ப்பாணத்தில் இருந்து அகதியாக வந்த எனக்கு வெளிநாட்டுக்காரன் மேல் என்ன வெறுப்பு இருக்க முடியும்?

எங்கள் பக்கத்தில் நடந்ததைச் சொல்கிறேன். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போன சிறுவர் நிலையத்தை மூடினார்கள். நூலகம் கிழமையில் மூன்று நாள் மட்டும் என்றானது. ஜி.பி.யை, அதாவது குடும்ப மருத்துவரை, பார்க்க மூன்று கிழமை காத்திருக்க வேண்டும். என் மனைவி பாடசாலைச் சமையற்கூடத்தில் வேலை செய்கிறா. மூன்று வருடம் சம்பளத்தில் ஒரு பென்னி ஏறவில்லை. இதே காலத்தில்தான் ஐரோப்பாவில் இருந்து ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். நிற்கவே இடமில்லாத பஸ்ஸில் இன்னும் ஆள் ஏற்றாதே என்று சொன்னால் அது இனவாதமா?

இன்னொன்று. என் மனைவியின் அண்ணன் ஹாலந்து பாஸ்போர்ட்டில் 2009இல் இங்கே வந்தவர். வாக்கெடுப்புக்குப் பிறகு மூன்று வருடம் என்னோடு கதைக்கவில்லை. இப்போது கதைக்கிறார், ஆனால் அரசியல் மட்டும் இல்லை. உங்கள் கட்டுரையை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியது அவர்தான். கூட ஒரு சொல்லும் எழுதவில்லை.

அந்த வரியை நீங்கள் திரும்பப் பெற வேண்டும்.

க., கிழக்கு லண்டன்

*

அன்புள்ள க.,

திரும்பப் பெறுகிறேன். விலகலுக்கு வாக்களித்தவர்கள் 1 கோடியே 74 லட்சம் பேர். அத்தனை பேருக்கும் ஒரே காரணத்தை ஒட்டிவிட்டது என் சோம்பேறித்தனம். அந்த வரியை எழுதும்போது என் மனதில் இருந்தது, விலகலுக்குப் பிரசாரம் செய்த கட்சித் தலைவர் நைஜல் ஃபராஜ் வாக்கெடுப்புக்கு ஒரு வாரம் முன்பு திறந்துவைத்த சுவரொட்டி. நீண்ட வரிசையில் நடந்து வரும் அகதிகள், மேலே எச்சரிக்கை வாசகம். அந்தப் படத்தைப் பார்த்து எனக்கு வந்த கோபத்தை உங்கள் மேலும் உங்களைப் போன்றவர்கள் மேலும் இறக்கிவிட்டேன். தவறுதான்.

ஆனால் வரி போய்விட்டது என்பதற்காக வாதம் போய்விடவில்லை. உங்கள் கோபம் நியாயமானது என்று இப்போது எனக்கு நன்றாகவே புரிகிறது. அந்தக் கோபத்தைக் கொண்டுபோய் நீங்கள் போட்ட பெட்டி பற்றித்தான் எனக்குச் சண்டை.

முதலில் அந்தச் சிறுவர் நிலையம். ஐரோப்பிய ஒன்றியம் அதை மூடவில்லை. மூடவும் முடியாது, பிரித்தானியாவின் உள்ளூர் நிதியில் ஒன்றியத்தின் தலைமையிடமான பிரஸ்ஸல்ஸுக்கு ஒரு கையெழுத்தும் இல்லை. 2010 மே மாதம் கேமரன் தலைமையில் கூட்டணி அரசு வந்தது. அக்டோபரில் நிதியமைச்சர் ஜார்ஜ் ஆஸ்போர்ன் நான்கு ஆண்டுகளில் 8,100 கோடி பவுண்டு வெட்டு என்று அறிவித்தார். பற்றாக்குறை கற்பனை என்று சொல்ல வரவில்லை. 2008இல் வங்கிகள் கவிழ்ந்தபின் அது நாட்டு வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு ஏறியிருந்தது. லேபர் கட்சி ஜெயித்திருந்தாலும் கொஞ்சம் வெட்டியிருக்கும். யாரிடமிருந்து, எவ்வளவு வேகமாக என்பதில்தான் வித்தியாசம். 2010க்கும் 2018க்கும் இடையில், விலைவாசியைக் கழித்துப் பார்த்தால், கவுன்சில்களுக்கு (உள்ளூராட்சி மன்றங்களுக்கு) மத்திய அரசு தரும் பணம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. சொந்த வரி வருமானம் குறைந்த ஏழைக் கவுன்சில்கள்தான் அந்தப் பணத்தை அதிகம் நம்பியிருந்தன. ஆக அடியும் அங்கேதான் பலமாக விழுந்தது. நூலகம், சிறுவர் நிலையம், முதியோர் பராமரிப்பு எல்லாம் கவுன்சில் செலவு. உங்கள் மனைவியின் சம்பளம் அசையாமல் நின்றதற்கும் காரணம் அதே அரசு அறிவித்த சம்பள முடக்கம்தான். 2011 ஜனவரியில் வாட் வரி பதினேழரையில் இருந்து 20 விழுக்காடு ஆனது. 2013 ஏப்ரலில், அரசு உதவியில் வாடகை கட்டும் வீட்டில் ஒரு படுக்கையறை கூடுதலாக இருந்தால் வாடகையில் 14 விழுக்காடு அளவுக்கு அந்த உதவியில் பிடித்தார்கள், இரண்டு அறை என்றால் 25.

நாம் இதற்கெல்லாம் ‘சிக்கன நடவடிக்கை’ என்று எழுதுகிறோம். எனக்கு இந்தச் சொல் பிடிப்பதே இல்லை. நம் வீடுகளில் சிக்கனம் நல்ல சொல். அம்மா தன் சேலையைத் தள்ளிப்போட்டுப் பிள்ளைக்குப் புத்தகம் வாங்கினால் அது சிக்கனம். அம்மாவின் சேலையை அப்பா தள்ளிப்போட்டால் அதற்கு வேறு பேர்.

இனி உங்கள் பஸ். நல்ல உவமை, அதையே எடுத்துக்கொள்கிறேன். நெரிசல் உண்மை. 2004க்குப் பிறகு போலந்தில் இருந்தும் மற்ற கிழக்கு ஐரோப்பிய நாடுகளில் இருந்தும் வந்தவர்கள் அரசு முதலில் போட்ட கணக்கைவிடப் பல மடங்கு. லிங்கன்ஷயரில் பாஸ்டன் என்ற சிறு ஊர், முட்டைக்கோஸ் வயல்களில் வேலை செய்ய வந்தவர்களால் சில வருடங்களில் மாறிப்போன ஊர். அங்கே நூற்றுக்கு 75 பேருக்கு மேல் விலகலுக்கு வாக்களித்தார்கள். அவர்களிடம் போய் நெரிசலே இல்லை என்று சொல்ல நான் தயாராக இல்லை.

ஆனால் டிப்போவில் பஸ்ஸைக் குறைத்தது யார்? 2000க்குப் பிறகு ஐரோப்பாவில் இருந்து வந்தவர்கள் வாங்கிய உதவியைவிடக் கட்டிய வரி அதிகம் என்று லண்டன் யூனிவர்சிட்டி காலேஜின் டஸ்ட்மன், ஃப்ராட்டினி இருவரும் 2014இல் கணக்குக் காட்டினார்கள். அந்த வரி கருவூலத்துக்குப் போனது, ஆட்கள் உங்கள் தெருவுக்கு வந்தார்கள். கருவூலத்தில் இருந்து தெருவுக்குப் பணம் வரும் குழாயைத்தான் ஆஸ்போர்ன் பாதி அடைத்தார். இதில் எனக்கு ஆறவே ஆறாத ஒரு விஷயம் உண்டு. குடியேறிகள் அதிகம் வந்த ஊர்களின் பள்ளிக்கும் மருத்துவத்துக்கும் உதவ, குடியேற்றத் தாக்க நிதி என்று ஒன்றை லேபர் அரசு 2009இல் தொடங்கியது. சின்ன நிதிதான், வருடத்துக்கு மூன்றரைக் கோடி பவுண்டு. ஐரோப்பாவுக்கு வெளியே இருந்து வருபவர்களின் விசா கட்டணத்தில் சேர்த்து வாங்கிய பணம் அது. நம்மூர் ஆட்களின் காசும் அதில் இருக்கும். புதிய அரசு வந்த சில மாதங்களில், 2010லேயே, அதை இழுத்து மூடிவிட்டார்கள்.

இப்போது எதிர்ப்பக்கம் பாருங்கள். சிரிப்பதா அழுவதா என்று தெரியாது. ‘இருப்போம்’ என்று பிரசாரம் செய்தவர்கள் யார்? அதே கேமரன், அதே ஆஸ்போர்ன். ஆறு வருடம் வெட்டியவர்கள் வந்து, விலகினால் உங்கள் வளம் போய்விடும் என்று பயமுறுத்தினார்கள். வாக்கெடுப்புக்கு எட்டு நாள் முன்பு, விலகல் வென்றால் 3,000 கோடி பவுண்டுக்கு வரி உயர்வும் செலவு வெட்டும் வரும் என்றார் ஆஸ்போர்ன். ஏற்கெனவே எல்லாம் பறிபோனவனிடம் இன்னும் பறிப்பேன் என்றால் அவன் என்ன செய்வான்? (அப்படி ஒரு பட்ஜெட் கடைசிவரை வரவில்லை. மூன்று வாரத்தில் அவருக்கே பதவி போய்விட்டது.) நியூகாஸிலில் ஒரு கூட்டம். விலகினால் ஜிடிபி விழும் என்று பேராசிரியர் ஆனந்த் மேனன் விளக்கிக்கொண்டிருந்தபோது கூட்டத்தில் இருந்து ஒரு பெண் கத்தினாராம்: அது உங்கள் ஜிடிபி, எங்களுடையது இல்லை. அந்த வாக்கெடுப்பைப் பற்றி நான் படித்த எத்தனையோ பக்கங்களில் இந்த ஒரு சத்தம்தான் இன்னும் காதில் இருக்கிறது.

வேல்ஸில் எப் வேல் என்று ஓர் ஊர். 2002இல் அங்கே இரும்பாலை மூடியது. அதற்குப் பிறகு அந்தப் பள்ளத்தாக்குக்கு ஐரோப்பியப் பணம் நிறையவே போனது. வெளிநாட்டில் பிறந்தவர்கள் அங்கே தேடிப்பிடிக்க வேண்டிய அளவுக்குக் குறைவு. அந்த ஊர் இருக்கும் பிளைனாய் குவென்ட்டில் விலகலுக்கு 62 விழுக்காடு. பஸ்ஸில் ஆளே ஏறாத ஊரிலும் இதுதான் முடிவு என்றால், நெரிசல் மட்டுமே காரணமாக இருக்க முடியாது. வார்விக் பல்கலைக்கழகத்தின் தீமோ ஃபெட்சர் 2019இல் இதையே ஊர் ஊராக எண்களில் பார்த்தார். வெட்டு பலமாக விழுந்த இடங்களில் ஃபராஜின் கட்சிக்கு ஆதரவு ஏறியது, அந்த வெட்டுகள் இல்லாவிட்டால் ‘இருப்போம்’ பக்கம் வென்றிருக்கவும் கூடும் என்பது அவர் முடிவு. எல்லாப் பொருளாதார நிபுணர்களும் இதை ஏற்கவேண்டும் என்பதில்லை. எனக்கு நம்பும்படியாக இருக்கிறது, உங்கள் கடிதத்தைப் படித்தபின் இன்னும் கூடுதலாக.

உங்கள் ஊர்க்காரர்களுக்கு வாக்கெடுப்பு புதிதில்லை. 1982 டிசம்பர் 22. விளக்கா (ஆம்), குடமா (இல்லை)? அப்போதைய இலங்கை ஜனாதிபதி ஜே.ஆர். ஜெயவர்த்தன கேட்டது ஒரே கேள்வி, நாடாளுமன்றத்தின் ஆயுளை ஆறு வருடம் நீட்டலாமா என்று. விளக்குக்குப் போட்டவர்களில் எத்தனை பேர், அடுத்த பொதுத் தேர்தல் 1989இல்தான் வரும், அதற்குள் நாடு இப்படி ஆகும் என்று நினைத்துப் போட்டிருப்பார்கள்? இரண்டையும் ஒன்றென்று சொல்லவில்லை. அது மிரட்டலும் மோசடியும் நிறைந்த வாக்கெடுப்பு, 2016 அப்படியில்லை. ஆனால் ஆம், இல்லை என்று இரண்டே கட்டம் உள்ள தாளில் மக்கள் தங்கள் வாழ்க்கை முழுவதையும் எழுதப் பார்க்கிறார்கள். எண்ணுகிறவர் கட்டத்தை மட்டும்தான் எண்ணுவார். ‘என் நூலகத்தைத் திற’ என்று நீங்கள் எழுதியது ‘சுங்க ஒன்றியத்தை விட்டு வெளியே போ’ என்று எண்ணப்பட்டது.

அப்புறம் நடந்தது உங்களுக்கே தெரியும், விரைவாகச் சொல்லிவிடுகிறேன். வாரம் 35 கோடி பவுண்டை ஐரோப்பாவுக்குக் கொடுக்கிறோம், அதை என்.எச்.எஸ். என்ற அரசு மருத்துவச் சேவைக்குக் கொடுப்போம் என்று சிவப்பு பஸ்ஸில் எழுதிக்கொண்டு ஊர்வலம் போனார்கள். (உங்கள் பஸ்ஸை விட எனக்கு இந்த பஸ் மேல்தான் கோபம்.) அது திரும்பி வரும் பணத்தைக் கழிக்காத தொகை, திசைதிருப்புகிற எண் என்று நாட்டின் புள்ளியியல் ஆணையமே சொன்னது. 2020 ஜனவரி 31 அன்று விலகினார்கள். ஐரோப்பியர் வரவு குறைந்தது, இந்தியாவில் இருந்தும் நைஜீரியாவில் இருந்தும் வருகிறவர்கள் கூடினார்கள். 2023 ஜூனோடு முடிந்த ஒரு வருடத்தில் வந்தவர்களில் போனவர்களைக் கழித்தால் 9 லட்சத்துக்கு மேல், வாக்கெடுப்புக்கு முன்பு காணாத எண்ணிக்கை. எனக்கு அதில் வருத்தமில்லை. ஆனால் நீங்கள் போட்ட வாக்குக்கு நீங்கள் கேட்டது கிடைக்கவில்லை.

உங்கள் மச்சானைப் பற்றி. நீங்கள் எழுதாமல் விட்ட ஒன்றை நான் எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்த வாக்கெடுப்பில் பிரித்தானியாவில் வசிக்கும் இலங்கைப் பிரஜைக்கும் இந்தியப் பிரஜைக்கும் வாக்கு இருந்தது, காமன்வெல்த் என்ற பழைய உறவால். ஹாலந்து பாஸ்போர்ட் வைத்திருந்த அவருக்கு இல்லை. முந்தின வருடம் கொழும்பில் இருந்து வந்திறங்கிய மாணவன் அவர் தலைவிதிக்கு வாக்களிக்கலாம், ஏழு வருடம் வரி கட்டிய அவர் வீட்டில் உட்கார்ந்து டிவி பார்க்க வேண்டும். அதற்குப் பிறகு, தான் வாழும் நாட்டில் தொடர்ந்து வாழ அவர் விண்ணப்பம் போட்டிருப்பார். ஒரு முறை அகதியாக விண்ணப்பம் போட்டவர், இரண்டாவது முறையும். அந்த மூன்று வருடம் அவர் கதைக்காமல் இருந்தது பிரஸ்ஸல்ஸ் மேல் உள்ள பாசத்தால் இல்லை என்றே நினைக்கிறேன். அவர் வந்த கதவை மூட அவர் தங்கையின் வீட்டிலேயே ஒரு வாக்கு விழுந்தது. அது வெறுப்பில் விழவில்லை என்பதை நான் ஏற்றுக்கொண்டுவிட்டேன். அவர் ஏற்றுக்கொள்ள இன்னும் கொஞ்ச நாள் ஆகலாம்.

கட்டுரையில் அந்த வரியை எடுத்துவிட்டேன். பழைய வரி என்ன, ஏன் எடுத்தேன் என்று கீழே குறிப்பும் போட்டிருக்கிறேன். இந்தப் பதிலின் சுட்டியை அவருக்கு நீங்கள் அனுப்பலாம். பாதியில் அவர் உங்களைத் திட்டுவார், பாதியில் என்னை. அந்த நூலகம் மூன்று நாளானது எந்த வருடம் என்று அவருக்கு ஞாபகம் இருக்கிறதா என்றும் கேட்டுப் பாருங்கள்.