படுத்த இடத்திலேயே நாடு மாறியவர்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

துர்துக் கிராமம் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். குண்டு விழும் என்று தெரிந்தும் ஏன் எல்லையில் போய்க் குடியிருக்கிறார்கள்? அரசு வேறு இடம் கொடுத்து ஊரைக் காலி செய்துவிடலாமே?

எஸ்., திண்டுக்கல்

அன்புள்ள எஸ்.,

எல்லைதான் அவர்களைத் தேடி வந்தது.

லடாக்கில் ஷியோக் ஆற்றங்கரையில் இருக்கும், பால்டி மொழி பேசும் ஊர் துர்துக். இன்று பாகிஸ்தான் பக்கம் இருக்கும் கப்லுவின் அரசர்கள்தான் ஒரு காலத்தில் இதை ஆண்டார்கள். 1947-48 போருக்குப் பிறகு பாகிஸ்தான் வசம் போனது. 1971 டிசம்பரில் மேஜர் செவாங் ரிஞ்சென் தலைமையில் வந்த இந்தியப் படை அதைப் பிடித்தது. டிசம்பர் 17 போர்நிறுத்தம். ஜம்மு காஷ்மீரில் அன்று படைகள் நின்ற இடத்தையே எல்லையாக இரு தரப்பும் மதிக்க வேண்டும் என்று 1972 சிம்லா ஒப்பந்தத்தில் முடிவாயிற்று. படுத்த இடத்திலேயே ஊர்க்காரர்களுக்கு நாடு மாறிவிட்டது. வேலைக்கும் படிப்புக்கும் பாகிஸ்தான் வசமிருந்த ஸ்கர்டு பக்கம் போயிருந்தவர்கள் அங்கேயே மாட்டிக்கொண்டார்கள். கணவன் அங்கே, மனைவி இங்கே என்று பிரிந்த குடும்பங்கள் உண்டு.

சரி, காலி செய்வதென்றால் எதையெல்லாம் விட்டுவிட்டு வருவது? லடாக்கில் பெரும்பாலான இடங்களில் வருஷத்துக்கு ஒரு போகம்தான். துர்துக் கொஞ்சம் தாழ்வான ஊர். பார்லியை அறுத்த வயலிலேயே பக்வீட் என்ற தானியத்தை விதைத்து இன்னொரு போகமும் எடுத்துவிடுகிறார்கள். ஆப்ரிகாட் மரங்கள் இருக்கின்றன. அப்புறம் நாங்சுங். கல்லை அடுக்கிக் கட்டிய சின்ன அறை அது. கல் இடுக்குகள் வழியாகக் குளிர்ந்த காற்று வந்துகொண்டே இருக்கும். வெண்ணெயும் இறைச்சியும் கோடையிலும் கெடாது, கரண்டும் வேண்டாம். ஜூலையில் அந்த இடுக்கில் கையை வைத்துப் பார்த்தேன், விரல் விறைத்துப்போனது. எந்தக் காலனியில் வீடு கட்டிக்கொடுத்தாலும் இந்தக் காற்றைக் கொடுக்க முடியாது.

சியாச்சினுக்கு வழிவிடும் நூப்ரா பள்ளத்தாக்கின் மேற்கு வாசல் இந்த ஊர். 1999 கார்கில் போரில் கேப்டன் ஹனீஃபுத்தீன் உயிர்விட்டது துர்துக் மலைகளில்தான். ராணுவத்துக்குச் சுமை தூக்கித்தான் இங்கே பல வீடுகளில் அடுப்பு எரிந்தது. வெளியாட்கள் சுற்றிப் பார்க்க வர அனுமதி கிடைத்ததே 2010இல்தான்.

பக்கத்துத் தாங் கிராமத்தில் நின்றால் எதிரே பாகிஸ்தான் பக்கத்து ஊரான ஃப்ரானோ தெரிகிறது. கண்ணுக்கு எட்டும் அந்த ஊருக்கு ஒரு சாவுக்குப் போவதென்றாலும் விசா வாங்கி, பஞ்சாப் வரை இறங்கி, வாகா எல்லையைக் கடந்து, மறுபடி வடக்கே ஏற வேண்டியிருந்தது. ஆற்றோரமாகக் கப்லுவுக்குப் போகும் பழைய வழி இருக்கிறது. சொந்தக்காரர்களைப் பார்த்துவிட்டு வரவாவது அதைத் திறந்துவிட வேண்டும் என்பதுதான் என் ஆசை.